ஆயிரம் ரூபாய் வந்து சேரும் வழி

முதலாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளில், பாடம் புரியாமல் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன ஒரு மாதம், அக்கா கல்யாணக் கடன் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். பிள்ளை ஒரு வாரம் வரமாட்டாள். அடுத்த வாரம் வரக் கூச்சப்படுவாள். அதோடு சரி.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். பல ஆண்டுகளாக உதவித்தொகைப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் விரும்பிக் கேட்டு வாங்கும் பொறுப்பு இல்லை இது. ஆனால் வகுப்பில் காஸ்ட் அக்கவுண்டிங் நடத்துவதற்குச் சமமாக இந்த மேசை வேலையையும் நினைக்கிறேன். வகுப்பில் உட்கார ஆள் இருந்தால்தானே பாடம் நடத்த முடியும்.

எங்களிடம் படிப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன். பலகாரக் கடைக்குக் கைமுறுக்கு சுற்றித் தரும் அம்மாவின் மகள். கல்யாணச் சமையல் குழுவோடு போகிற பையன்கள். பெரிய வீடுகளைக் காவல் காக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பின்கட்டில் குடியிருந்துகொண்டு கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவது இவர்கள் வேலை. "ஆச்சி வீட்டைப் பாத்துக்கிறோம் மேம்" என்பார்கள். அத்தனை பெரிய வாசலுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைக்கு வருமானச் சான்று தேவைப்படும் என்று வெளியூர்க்காரர் யாருக்கும் தோன்றாது.

2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோது என் மேசை முன்னால் கூட்டம் மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கு வந்தால் மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசமான பிறகு, தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடங்கும். அதைவிடப் பெரியது, அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். "எனக்கு மாசம் பணம் வருது" என்று வீட்டில் சொல்ல முடிகிற பெண்ணை அவ்வளவு சீக்கிரம் நிறுத்திவிட மாட்டார்கள். கல்யாணப் பேச்சு ஒரு வருடமாவது தள்ளிப் போவதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் திட்டம் அறிவிப்பதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல. முறுக்கு சுற்றும் அம்மாவின் மகள் என்று சொன்னேனே, அவள் பி.காம். சேர்ந்த ஆண்டு. பட்டியலில் அவள் பெயர் இருந்தது, பணம் செலுத்தப்பட்டதாகவும் காட்டியது. அவள் பாஸ்புக்கில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை. நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான் என்று நினைத்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், அம்மாவோடு பலகாரப் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். தீபாவளி நெருங்கும் சமயம். பட்டறையில் ஆளுக்கு அவ்வளவு தேவை. அவள் தோழி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். கணக்கு தொடங்கும்போது ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசுப் பணம் போய்ச் சேர வேண்டிய வங்கி எது என்று, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பதிவில் இருப்பது வேறு. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு அங்கே இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குத்தான் பணம் போகும், நாம் படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும். இவளுக்குப் பள்ளியில் படிக்கும்போதே வேறொரு வங்கியில் தொடங்கிய கணக்கு ஒன்று இருந்திருக்கிறது. பாஸ்புக் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் மாதாமாதம் அங்கே சேர்ந்துகொண்டிருந்தது. ஆதார் தளத்தில் பார்க்கலாம் என்றால் ஓ.டி.பி. பழைய சிம்முக்குப் போகும். அந்த சிம் எப்போதோ போய்விட்டது. முதலில் ஆதார் மையத்தில் போன் எண்ணை மாற்றி, பிறகு வங்கியைக் கண்டுபிடித்து, கணக்கைத் திறக்க வைத்தோம். வங்கி ஊழியர் ஒருவர் "நாளைக்கு வாங்க" என்று சொன்ன நாட்களில் அந்த அம்மா ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். "டீச்சரம்மா, படிப்பு நின்னுறாதுல்ல?" என்ற ஒரே கேள்விதான் அவரிடம் இருந்தது.

அவள் திரும்பி வந்தாள், படித்து முடித்தாள். இப்போது கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றில் நடக்கும் ஓட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். சேர்க்கை அன்றே, படிவம் நிரப்பும் முன்பே, ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறோம். சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்ற சிக்கலையும் அன்றே குறித்துக்கொள்கிறோம். இரண்டாம் ஆண்டு மாணவிகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறார்கள். ஒரு ஆசிரியர் சொன்னால் தலையாட்டும் பிள்ளை, அக்கா கேட்டால் உண்மையைச் சொல்கிறாள்.

பையன்கள் அப்போது வந்து கேட்பார்கள்: "எங்களுக்கு இல்லையா மேம்?" நியாயமான கேள்வி. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் அடுக்கடுக்காக வரும்; ராத்திரி முழுக்கப் பந்தியில் பரிமாறிவிட்டுக் காலையில் முதல் பெஞ்சில் தூங்குவார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியதும் அவர்களுக்கும் ஆயிரம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பையன்களுக்கும் அதில் இடம் உண்டு. அதே பள்ளிகளில் படித்த பெண்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 30 வரை இல்லை. மற்ற மாவட்டங்களில் இது எவ்வளவு பேரைத் தொட்டதோ, செட்டிநாட்டில் நிறையப் பேரைத் தொட்டது. இங்கே ஊருக்கு ஊர் நகரத்தார் கட்டிவைத்த பள்ளிகள். அவற்றில் பல உதவி பெறும் பள்ளிகள். கொடையாளர் கட்டிய பள்ளியில் படித்தாள் என்பதற்காக ஒரு ஏழைப் பெண் பட்டியலுக்கு வெளியே நின்றது எனக்கு அப்போது பொறுக்க முடியாததாக இருந்தது. அந்தத் தடையை நீக்கியது நல்ல காரியம்.

பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. பையன்களிடம் அதைத் தெளிவாகப் பார்த்தேன். முதல் பருவத்தில் இரண்டு அரியர் விழுந்த பையனுக்கு ஆயிரம் ரூபாய் தைரியம் தராது. அவனுக்குத் தேவை, மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட ஒரு ஆள். மூன்றாம் ஆண்டு மாணவர்களை வைத்து அதைச் செய்கிறோம். அரியர் எழுதுவதற்கு ஒரு கட்டணம் இருக்கிறதே, அதை எந்த உதவித்தொகையும் தருவதில்லை. அதற்குத் தனிக் கை வேண்டும்.

அந்தக் கை இந்த மண்ணில் உண்டு. வியாபாரத்தில் வரும் லாபத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிய ஊர் இது. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்று அத்தனை பெரிய கொடை யாரிடமும் கேட்கவில்லை. தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இருக்கிற சில பெரியவர்களிடம், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களிடம், தேர்வுக் கட்டணம் மட்டும் கேட்கிறோம். கொடுக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் நான் ஒப்புக்கொள்வதில்லை: மேடையில் நிற்கவைத்துக் காசோலையோடு படம் எடுப்பது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்தப் படம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் போவது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது என் கவலை பட்டம் முடித்த பெண்களைப் பற்றியது. எம்.காம். சேர்ந்தால் மாதம் வந்துகொண்டிருந்த ஆயிரம் நின்றுவிடுகிறது, வீட்டில் கல்யாணப் பேச்சு திரும்ப எழுகிறது. நன்றாகப் படிக்கிற பெண்கள் அங்கேதான் நின்றுபோகிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்து பேருக்காவது எம்.காம். கட்டணமும் மாதச் செலவும் தர முடியுமா என்று பழைய மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கு உறுதி கிடைத்திருக்கிறது.