அம்மா கடலைத் தொட்டார்

2024 ஒக்டோபர் 13, ஞாயிறு

நாலு நாள் அடைமழைக்குப் பிறகு இன்று காலை மூட்டம் கொஞ்சம் விலகியது. அப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், வானம் தெளிந்தால் தெற்கே, வெல்லவாய சமவெளிக்கும் அப்பால், தகரக் கூரையில் வெயில் பட்ட மாதிரி ஒரு கோடு மின்னும். அதுதான் கடல். அம்மா தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழு வயதாகிறது. கதிர்காமத்துக்கு ஏழெட்டுத் தடவை போயிருப்பார். அங்கிருந்து கடல் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் ஒருமுறைகூடப் போனதில்லை. கேட்டால் "வேணாம்" என்பதோடு சரி.

காரணம் எனக்குத் தெரியும். 1964இல், தோட்டத்துச் சனத்தை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. தாத்தா இங்கேயே இருந்துவிட்டார். 1973இல் பெரியம்மா அப்புத்தளையில் ரயில் ஏறினார், பிறகு தலைமன்னாரில் கப்பல். அம்மாவுக்கு அப்போது பதினாறு. ஸ்டேஷனோடு சரி, கப்பலை அவர் பார்க்கவில்லை. "கடல்தானே எங்க அக்காவக் கொண்டுபோச்சு" என்று சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

இன்று அவராகவே சொன்னார்: "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவமா புள்ள?"

ஒக்டோபர் 19, சனி

வேன் சொல்லியாயிற்று. போவது கிரிந்தைக்கு. மழை விட்டால்தான் பயணம் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கொஸ்லந்த பாதையில் மண்சரிவுப் பயம். ரொட்டி, கட்டைச்சம்பல், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. அம்மா கம்பளியை மடித்து வைக்கிறார். "கடல்கிட்ட எதுக்கு அம்மாயி கம்பளி?" என்று மகள் கேட்டாள். "காத்து அடிக்கும்ல" என்றார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

விடிய நாலு மணிக்குக் கிளம்பினோம். பெரகலை வளைவுகளில் மூட்டம் வேன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. கொஸ்லந்தவில் யாரும் பேசவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் இறங்கி லயங்களை மூடியது. பத்து வருஷம் ஆகப்போகிறது. அம்மா அந்த மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். மழை நாளென்றால் எங்கள் சனம் இன்னமும் உடுத்த துணியோடுதான் படுக்கிறது. பாதுகாப்பான இடத்தில் வீடு வேண்டும் என்று எத்தனை வருஷம்தான் கேட்பது?

தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், மழைக்காலம் என்பதால் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது. வெல்லவாயவில் வழக்கமாக ஸ்வெட்டரைக் கழற்றுவோம். இன்று வெயிலே இல்லை. தணமல்வில, திஸ்ஸ எல்லாம் தாண்டிக் கிரிந்தையில் இறங்கும்போது ஒன்பது மணி. தூறலும் காற்றுமாக, வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கரையில் பெரும் பாறைகள், மேலே விகாரை. பழங்கதையில் கடலோடு விடப்பட்ட இளவரசி விகாரமகாதேவி கரை சேர்ந்தது இங்கேதான் என்று சொல்வார்கள். அந்தக் கதையைச் சொன்னதும், "கரைக்கு வந்துட்டாளா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

இழுவை கூடின கடல், குளிக்க வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கால் நனைக்க மட்டும் போனோம். அம்மா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். மகள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு அலை வந்து அவருடைய கணுக்காலைச் சுற்றியது.

"அடியே, வெதுவெதுன்னு இருக்கு!"

உண்மைதான். எங்கள் பீலித் தண்ணீர் காலையில் எலும்பு வரைக்கும் குத்தும். இந்தத் தூறலிலும் கடல் சூடாக இருந்தது. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து ஓட, அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். ஓய்வு எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற கை அது. பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கறை ஏறிய வெடிப்புகள். உப்பு உள்ளே இறங்குவது முகத்திலேயே தெரிந்தது.

"எரியுதாம்மா?"

"எரியட்டும்."

கையை உதறவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து முடியும்வரை அப்படியே வைத்திருந்தார்.

கூடலூருக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். இங்கேயிருந்து போனவர்களுக்காக அங்கே போட்ட தேயிலைத் தோட்டத்தில்தான் பெரியம்மாவும் வேலை செய்தார். காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அக்கா, அக்கா" என்று கத்திப் பார்த்துவிட்டு, அம்மா போனை அலையின் பக்கம் நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்துபோனது.

திரும்பும் வழியில் கதிர்காமத்தில் ஒரு பூசை. வெல்லவாயவில் மழை பிடித்தது. வீடு வந்து சேர இரவு பத்து.

ஒக்டோபர் 22, செவ்வாய்

மறுபடி மூட்டம், பக்கத்து லயமே தெரியவில்லை. கம்பளியில் இன்னும் உப்பு வாடை. துவைக்கக் கேட்டால் அம்மா தரமாட்டேன் என்கிறார்.

மாலை பெரியம்மாவே அழைத்தார். அன்றைக்குப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லையாம், அலைச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டதாம்.

"நான் போனப்ப ஒரே குளிரு தங்கச்சி. கப்பல்ல நடுங்கிக்கிட்டே போனேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"இல்லக்கா" என்றார் அம்மா. "சூடாத்தான் இருந்துச்சு."