பிரெஞ்சு பேசத் தொடங்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்களுக்கு

முதலில் ‘போன்ஜூர்’. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவு. அப்புறம்தான் ‘ஜ வூத்ரே அன் கஃபே, சில் வூ ப்ளே’, அதாவது எனக்கு ஒரு கோப்பி வேண்டும்.

‘தூ’, ‘வூ’ இரண்டும் நம் நீ, நீங்கள் மாதிரிதான். அறிமுகமில்லாத பெரியவர்களிடம் எப்போதும் ‘வூ’.

நம்மவர்கள் தடுமாறுவது மூக்கொலியில். நல்ல என்பதற்கு ஆண்பாலில் ‘போன்’. கடைசியில் நாக்கு மேலே தொடவே கூடாது. பேச்சில் ‘மரம்’, ‘பணம்’ என்னும்போது உதட்டை மூடாமல் மூக்கால் முடிக்கிறோமே, அதே வித்தைதான். மலாயில் ‘மக்கான்’ சொல்வதுபோல் ‘ன்’னை அழுத்தினால் அது பெண்பால் ‘பொன்’ ஆகிவிடும். இந்த ஒன்றைத் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், பாதிச் சிரமம் தீரும்.

நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். தர்க்கம் தேடாதீர்கள், ‘ய்யூன் தாப்ல்’, ‘அன் லீவ்ர்’ என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

வயதுக்கு ‘ஜ சுயி’ (நான் இருக்கிறேன்) வராது. இருபது வயது என்றால் ‘ஜே வேன் தான்’: இருபது ஆண்டுகள் என்னிடம் உள்ளன என்பதே அமைப்பு.

‘தெரியாது’ புத்தகத்தில் ‘ஜ ந சே பா’. பேச்சில் ‘ந’ பெரும்பாலும் விழுந்துவிடும்.