பிளஸ் ஒன்னில் எடுத்த பிரெஞ்சு

பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேரும்போது விண்ணப்பப் படிவத்தில் முதல் மொழி எது என்று கேட்பார்கள். சென்னையில் நான் படித்த மாதிரியான பள்ளிகளில் அந்த இடத்தில் "பிரெஞ்சு" என்று எழுதுகிறவர்கள் அதிகம். அக்கா அண்ணன்மார் சொல்லிக் கொடுத்த காரணம்தான்: பாடம் சின்னது, மார்க் வரும். நான் படித்தது பிளஸ் டூவுக்கு 1,200 மதிப்பெண் இருந்த காலம். அதில் மொழிப்பாடத்துக்கு 200. ஆனால் பொறியியல் கட்-ஆஃபில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும். மொழிக்குப் போகும் நேரத்தை மிச்சப்படுத்தி அந்த மூன்றில் போடலாம் என்பதுதான் எல்லா வீட்டிலும் கணக்கு. எங்கள் வீட்டிலும் அதே கணக்கைப் போட்டுத்தான் பிரெஞ்சு எடுத்தேன்.

வகுப்பில் முதல் சில வாரங்கள் எழுத்து, எண்கள், கிழமைகள், அப்புறம் 'எத்ர்' (இருப்பது), 'அவ்வார்' (வைத்திருப்பது) என்ற இரண்டு வினைகள். மேடம் பலகையில் அட்டவணை போடுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். தமிழ் படித்துவிட்டு வந்த எனக்கு இந்த இடம் சிரமமாக இல்லை. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளுக்கேற்ப வினையின் முடிவு மாறுவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பெரியவர்களிடம் 'வூ', தோழிகளிடம் 'து' என்பதும் அப்படித்தான். நீங்கள், நீ என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

சிரமம் வந்தது ஆண்பால், பெண்பாலில். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, அதோடு முடிந்தது. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. மேடம் ஒரு வழி சொன்னார்: எந்தச் சொல்லையும் தனியாக எழுதாதே, முன்னால் ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' போட்டே எழுது. பெண்பால் சிவப்பு மை, ஆண்பால் நீல மை. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பரீட்சையில் ஒரு சொல் சந்தேகம் வந்தால் அது எந்த நிறத்தில் இருந்தது என்பதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இப்போது யார் பிரெஞ்சு ஆரம்பித்தாலும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

எழுத்துத் தேர்வுக்கு இது போதும். பாடப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்ப்பது, வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றுவது, சின்னதாக ஒரு கடிதம் எழுதுவது எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். ஆனால் முதல் பருவம் முடியும்வரை ஒரு பிரெஞ்சுக்காரர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஒலிப்பதிவு போட்டுக் காட்ட பள்ளியில் வசதி இல்லை, அதற்கென்று பீரியடும் இல்லை. எனக்கு இன்றும் இருக்கும் குறை இது ஒன்றுதான். காதுக்கு வேலையே கொடுக்காமல் ஒரு மொழியை இரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ஒரு காபி கேட்டு வாங்கத் தெரியாமல் வெளியே வருகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? யாரும் அவர்களைப் பேசச் சொல்லவே இல்லை.

எனக்குக் கதவு திறந்தது புதுச்சேரியில். அப்பாவின் நண்பர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தோம். அவருடைய தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே இப்படி ராணுவத்தில் இருந்தவர்களைச் 'சொல்தா' என்பார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி இருந்தது. தாத்தாவின் குடும்பம் அப்படி வைத்துக்கொண்டது. வீட்டில் சுத்தமான தமிழ், மாலை ஆனால் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் செய்தி.

நான் பிரெஞ்சு படிக்கிறேன் என்றதும் தாத்தா, "எங்க, ஏதாச்சும் படிச்சுக் காட்டும்மா" என்றார். பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாத்துலயும் ன் போடுறியே, ன் வரக் கூடாது" என்றார். பிரெஞ்சில் வைனுக்கான சொல்லும், காற்றுக்கான சொல்லும், 'அவர்கள் போகிறார்கள்' என்பதில் வரும் வினையும் எழுத்தில் வேறு வேறு. என் வாயில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் மூக்கில் விட வேண்டும் என்றார். எனக்குப் பிடிபடவில்லை.

அப்போது தாத்தா கேட்டார்: "வீட்ல 'அவன் வந்தான்'னு எப்படிச் சொல்லுவ? எழுதுற மாதிரியா சொல்ற? கடைசியில நாக்கு மேல போய் ஒட்டுதா பாரு." சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பேச்சில் அந்தக் கடைசி 'ன்' கரைந்து மூக்கோடு நின்றுவிடுகிறது. 'மரம்', 'பணம்' என்பதிலும் உதடு மூடுவதில்லை. "அதேதான் இது. உனக்கு ஏற்கெனவே வருது. எங்க வருதுன்னு கவனிச்சுக்கோ" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க 'அவன்', 'பணம்' என்று சொல்லிவிட்டு உடனே பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாவினேன். மூன்று சொல்லும் பிரிந்து வரத் தொடங்கின. எந்த இலக்கணப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம்.

மறுநாள் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நடந்தபோது நீலப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் இருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். ரூ த்யூமா, ரூ ஸ்யுஃப்ரேன் ('ரூ' என்றால் தெரு). சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

சென்னை திரும்பியதும் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் விசாரித்து டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-க்குப் பதிந்துகொண்டேன். இது பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ். ஒருமுறை வாங்கினால் காலாவதி கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 100-க்கு 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. ஆக எழுத்தை மட்டும் நம்பிப் போனால் ஆகாது.

கேட்டல் பகுதியில் நம்மவர்கள் தடுமாறும் இடம் தொலைபேசி எண். பிரான்சில் எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 75 என்பது அவர்கள் வாயில் 'அறுபது-பதினைந்து', 95 என்பது 'நாலு-இருபது-பதினைந்து'. 'அறுபது' காதில் விழுந்தவுடன் கை 6 என்று எழுதிவிடும், அடுத்து வருவது பதினைந்து என்றால் அது 7 ஆக வேண்டும். ஒலிப்பதிவு இரண்டே தடவைதான் ஓடும். நான் வீட்டில் அம்மாவின் செல்போனில் இருந்த எண்களை எல்லாம் இரண்டிரண்டாகப் பிரெஞ்சில் படித்துப் பதிவு செய்து, மறுநாள் கேட்டு எழுதிப் பார்ப்பேன். 70-லிருந்து 99 வரை இருப்பவற்றைத்தான் தேடித் தேடிப் போட்டேன்.

பேசுதல் அஞ்சாறு நிமிடம்தான். முதலில் உன்னைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் சீட்டில் இருக்கும் சொல்லை வைத்து நாம் அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் கடையில் சாமான் வாங்குவதுபோல ஒரு சின்ன நாடகம். இங்கேதான் பண்பாடு உள்ளே வருகிறது. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் நேரே "ரொட்டி எவ்வளவு?" என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. வணக்கம், தயவுசெய்து, நன்றி, போய் வருகிறேன் என்ற நான்கும் இருந்தால் நடுவில் இலக்கணம் கொஞ்சம் சறுக்கினாலும் எதிரே இருப்பவர் முகம் மலர்கிறது. ஈஃபில் கோபுரம் 1889-இல் கட்டி முடிந்தது என்று மனப்பாடம் செய்வதைவிட இது முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே வகுப்பு எண் இறங்கிக்கொண்டே போகும். பதினோரு வயதில் ஆறாவது, அடுத்த வருடம் ஐந்தாவது. நம் பிளஸ் டூவுக்குச் சமமானது 'தெர்மினால்', அதாவது கடைசி. மதிப்பெண் 20-க்கு. பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவில் சராசரி 12 வந்தாலே சான்றிதழில் பாராட்டுக் குறிப்பு உண்டு, 16 வந்தால் 'மிக நன்று'. சென்டம் இல்லையென்றால் வீட்டில் கேள்வி வரும் ஊரிலிருந்து பார்க்க, அது மனசுக்கு இதமாக இருந்தது.

ஏ1 தேறினேன். பிளஸ் டூ முடிந்த விடுமுறையில் அடுத்த நிலையான ஏ2-வும் எழுதித் தேறினேன். இரண்டிலும் கேட்டலில்தான் மதிப்பெண் குறைவு. அதற்காக ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலி மொழி படிப்பவர்களுக்கென்றே தரும் பத்து நிமிட எளிய செய்தியைக் கேட்க ஆரம்பித்தேன், இன்னும் கேட்கிறேன். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சியின் தளத்தில் நிலைவாரியாகப் பயிற்சிகள் இருக்கின்றன, இலவசம்தான். பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் இந்த இரண்டையும் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். முதலில் ஒன்றுமே புரியாது, பரவாயில்லை. ஊர்ப் பெயர்களும் எண்களும்தான் முதலில் பிடிபடும், அப்புறம் வினைகள், அப்புறம் முழு வாக்கியம். பள்ளியில் மேடம் போட்ட அட்டவணைகள் அப்போதுதான் கைகொடுக்கும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.