மூன்று அட்டையிலும் ஒரே மருந்து

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவனுக்குத் தெரியும், பாராசிட்டமாலை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. அளவோடு சாப்பிட்டால் நல்ல மருந்துதான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். அதைத் தாண்டுகிறவர்களில் பலர் தெரியாமல்தான் தாண்டுகிறார்கள்.

காய்ச்சலோடு வந்த ஓர் அம்மா, பையிலிருந்ததை கவுண்டரில் கொட்டிக் காட்டினார். காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை, நாளைக்கு நாலு. சளி மாத்திரை மூன்று வேளை, அதற்குள் பாராசிட்டமால் 500. முட்டிவலிக்கு அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை; அதற்குள் 325. கூட்டினால் 4,750 மி.கி.

"மூணும் வேற வேற வியாதிக்குத்தானே தம்பி?"

அட்டைகளைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த பாராசிட்டமால் என்ற பெயரை மூன்றிலும் பேனாவால் வட்டமிட்டேன். கடையில் சும்மா கேட்டு வாங்கிய சளி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டு அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். அட்டையில் பெயரைப் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும் என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு.

இந்த மருந்தைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சும் உண்டாகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறித்துவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்கும். தினமும் குடிப்பவர்களுக்கும், சாப்பாடு இறங்காமல் படுத்திருப்பவர்களுக்கும் அந்த இருப்பே குறைவு. அவர்கள் 4 கிராம் வரை போகவே கூடாது. எவ்வளவு என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

நிமசுலைடு என்ற இன்னொரு காய்ச்சல், வலி மருந்தும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியதே. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கூடாது என்று 2011-லேயே இந்தியாவில் தடை வந்தது. இன்றும் குழந்தைக்குக் கேட்டு வருகிறார்கள்.

பாராசிட்டமால் அளவு மீறினால் என்னை அதிகம் பயமுறுத்துவது முதல் நாள்தான். குமட்டல், அசதி, பசியின்மை இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அடுத்த ஓரிரு நாளில் வலது விலாவுக்குக் கீழே வலி, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள். மஞ்சள் தெரிந்த பிறகும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. அளவு மீறிச் சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம், பிந்தினாலும் கொடுப்பார்கள். அதனால் அளவு மீறியது தெரிந்தவுடனே, உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும், காலி அட்டைகளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.