ஜான் ஹேம்ப்டனைத் தேடிப் போகிறவர்களுக்கு: ஆவண வழி ஒன்று

ஜான் ஹேம்ப்டன் பக்கிங்ஹாம்ஷயரின் பெரிய நிலவுடைமையாளர். முதலாம் சார்லஸ் மன்னர் விதித்த கப்பல் பணம் என்ற கடற்படை வரியைக் கட்ட மறுத்து வழக்கைச் சந்தித்தவர். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் காலாட்படைப் பிரிவு ஒன்றைத் திரட்டிக் கர்னலாகி, 1643 ஜூன் 24 அன்று காயத்தால் இறந்தவர். இவரைப் பற்றித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றப் பதிவுகளில் நுழைந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாங்கள் தேடிப் பார்த்த வரையில், முதலில் நிலத்தையும் அடுத்துக் குடும்பத்துப் பெண்களின் திருமணங்களையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வந்து சேரும். இவருடைய அரசியல் கூட்டாளிகளில் பாதிப்பேர் தாய்வழி உறவினர்கள். இவருடைய காகிதங்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதைத் தீர்மானித்தது மகள்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள்.

பிறந்த ஆண்டிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் சேர்க்கைப் பதிவில் இவர் மாட்லின் கல்லூரியில் 1610 மார்ச் 30 அன்று, 15 வயதில் சேர்ந்ததாக இருக்கிறது. அதிலிருந்து கழித்துத்தான் 1594 அல்லது 1595 என்கிறோம். இப்படிக் கழிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1752 வரை இதுதான் சட்டம். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியும் மூல ஆவணத்தில் ஓர் ஆண்டு குறைவாகவே இருக்கும். மன்னர் ஹேம்ப்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த நாளை நாம் 1642 ஜனவரி 4 என்கிறோம். அன்றைய குறிப்பேட்டில் அது 1641. ஹேம்ப்டனின் கல்லூரித் தேதி மார்ச் 25ஐத் தாண்டிவிட்டதால் அங்கே தொல்லை இல்லை. குறிப்பு எடுக்கும்போது இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடு போட்டு 1641/2 என்று எழுதுவது நல்லது. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால், சில மாதம் கழித்து அது திருத்திய ஆண்டா, திருத்தாததா என்று நமக்கே தெரியாமல் போகும்.

தந்தை வில்லியம் 1597இல் இறந்தபோது ஜான் சின்னக் குழந்தை. ஆய்வாளருக்கு இது ஒரு வகையில் வாய்ப்பு. மன்னரிடமிருந்து நேராக நிலம் பெற்றவர் இறந்தால், உள்ளூர் ஆட்களை நடுவர்களாக உட்கார வைத்து விசாரணை நடக்கும்: எந்தெந்த நிலம், யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில், இறந்த நாள் எது, வாரிசு யார், அவர் வயது என்ன. வாரிசு மைனர் என்றால் அவரைப் பாதுகாக்கும் உரிமையும் அவர் திருமணத்தை முடிவுசெய்யும் உரிமையும் அரசுக்குப் போகும். அரசு அதை விற்கும். இந்த விசாரணை அறிக்கைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு வரிசைகளில் கிடைக்கின்றன: சான்சரி நீதிமன்றப் படி சி 142, மைனர் வாரிசுகளின் காரியங்களைக் கவனித்த வார்டு நீதிமன்றப் படி வார்டு 7. ஒன்று பூஞ்சை பிடித்தோ மை மங்கியோ இருந்தால் மற்றதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே அறிக்கையின் இரு படிகளும் ஒரே மாதிரி கெடுவதில்லை. மொழி லத்தீன், ஆனால் முழுக்க முழுக்க வாய்பாடு. இரண்டு அறிக்கைகளை அச்சு மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் படித்துவிட்டால், மூன்றாவதில் ஊர்ப்பெயர்களும் ஏக்கர் கணக்கும் மட்டும்தான் புதிதாக இருக்கும். 1640களின் நடுவில் வார்டு நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இறந்தவர்களுக்கு இந்த வழி கிடையாது.

இப்போது தாயார். எலிசபெத், ஹிஞ்சிங்புரூக்கின் சர் ஹென்றி குரோம்வெல்லின் மகள். ஆலிவர் குரோம்வெல்லுக்கு அத்தை. எனவே ஹேம்ப்டன் ஆலிவருக்கு அத்தை மகன். எசெக்ஸில் செல்வாக்காக இருந்த பாரிங்டன் குடும்பத்திலும், பின்னால் மன்னரின் மரண உத்தரவில் கையெழுத்திட்ட எட்வர்டு வால்லியின் வீட்டிலும் இதே குரோம்வெல் சகோதரிகள்தான் மருமகள்கள். கப்பல் பண வழக்கில் ஹேம்ப்டனுக்காக வாதாடிய ஆலிவர் செயின்ட் ஜானின் இரண்டாம் மனைவியும் குரோம்வெல் குடும்பத்துப் பெண். கவிஞர் எட்மண்ட் வாலரின் தாய் ஹேம்ப்டன் வீட்டுப் பெண். கொள்கை ஒற்றுமை எவ்வளவு, உறவு எவ்வளவு என்று பிரித்தறிய, இந்தப் பெண்களின் பெயர்களை வைத்து ஒரு வரைபடம் போட்டே ஆக வேண்டும். அக்காலக் கடிதங்களில் மைத்துனரும் மகளின் கணவரும் உடன்பிறந்தவர், மகன் என்றே விளிக்கப்படுவார்கள். விளியை மட்டும் நம்பி வரைபடத்தில் கோடு இழுக்காதீர்கள். திருமணப் பதிவோ உயிலோ கையில் கிடைத்த பிறகு இழுங்கள். உயில்களுக்கு கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் ப்ராப் 11 வரிசையை இணையத்திலேயே பார்க்கலாம். அவை பதிவேட்டுப் படிகள் என்பதால் கையெழுத்து ஓரளவு சீராக இருக்கும். பழகத் தொடங்குவதற்கு ஏற்றவை.

கையெழுத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். அக்கால ஆவணங்களில் வழங்கிய செக்ரட்டரி பாணி எழுத்தில் ஆங்கிலத்தின் சி என்ற எழுத்து ஆர் போலத் தெரியும். இ தலைகீழாகத் திரும்பி நிற்கும். எண்கள் ரோமானிய முறையில் வரும். கடைசி ஒற்றைக் கோடு கீழே இழுத்து ஜே போல எழுதப்படும். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், ஒரு மார்க் என்றால் 13 ஷில்லிங் 4 பென்ஸ். கணக்குப் பட்டியலின் அடியில் உள்ள கூட்டுத்தொகையை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூட்டு வரவில்லை என்றால் பெரும்பாலும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருப்பீர்கள்.

இந்தக் கணக்குப் பழக்கம் கப்பல் பண ஆவணங்களில் கைகொடுக்கும். 1634இல் கடலோரப் பகுதிகளிடம் மட்டும் கேட்ட வரியை 1635இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார்கள். கடலே இல்லாத பக்கிங்ஹாம்ஷயருக்கு விதித்தது 450 டன் கப்பல் ஒன்று, அல்லது அதற்கு ஈடாக 4,500 பவுண்டு. ஹேம்ப்டன் மறுத்த தொகை 20 ஷில்லிங் என்று பாடநூல்கள் சொல்லும்; சில இடங்களில் 31 ஷில்லிங் 6 பென்ஸ் என்று இருக்கும். இரண்டும் சரியே. வரி ஆளுக்கு மொத்தமாக விதிக்கப்படவில்லை. ஒவ்வொரு பாரிஷிலும் (தேவாலய வட்டாரத்திலும்) அவருக்கு இருந்த நிலத்துக்குத் தனித்தனியாக விதிக்கப்பட்டது. 31 ஷில்லிங் 6 பென்ஸ் கிரேட் கிம்பிள் பாரிஷின் மறுத்தவர் பட்டியலில் உள்ளது. 20 ஷில்லிங் ஸ்டோக் மாண்டெவில் நிலத்துக்கு உரியது; வழக்குக்கு அரசு எடுத்துக்கொண்டது இதைத்தான். ஒரே பாரிஷின் தாளைப் பார்த்துவிட்டு அவருடைய மொத்த வரி இவ்வளவு என்று எழுதிவிடக் கூடாது. அவருக்கு நிலம் இருந்த பாரிஷ்களின் பட்டியலை முதலில் தயாரியுங்கள்; விக்டோரியா கவுண்டி வரலாற்றின் பக்கிங்ஹாம்ஷயர் தொகுதிகள் பண்ணை பண்ணையாக உரிமையாளர்களைத் தருகின்றன, பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். பிறகு அந்தந்த ஊர்த் தாள்களை கியூவில் உள்ள அரசுக் காகிதங்களின் எஸ்.பி. 16 வரிசையில் தேடுங்கள். 1638இல் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னர் பக்கமும் ஐந்து பேர் ஹேம்ப்டன் பக்கமும் தீர்ப்புச் சொன்னார்கள். தோற்றுப்போன அந்த ஐந்து பேரின் தீர்ப்பு வாதங்களை முழுதாகப் படிக்காமல் இந்த மனிதரைப் பற்றி எழுதவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நாடாளுமன்ற வாழ்க்கைக்கு ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட் தளம் போதும். 1621இல் கார்ன்வாலின் கிராம்பவுண்ட், 1624 முதல் வெண்டோவர், 1640இன் இரு நாடாளுமன்றங்களுக்கும் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டம். வெண்டோவர் பல தலைமுறைகளாக உறுப்பினர் அனுப்பாமல் கிடந்த ஊர். அதன் உரிமை 1624இல்தான் மீட்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள். அவைக் குறிப்பேடுகளில் பெயர்க் குழப்பம் நிறைய. நூற்றாண்டின் பிற்பகுதியில் மகன் ரிச்சர்டும் பேரன் இன்னொரு ஜானும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். பேரன் 1653இல் பிறந்து 1696இல் இறந்தவர். இணையத் தேடலில் தாத்தாவின் பெயரில் பேரனின் பேச்சு வந்து விழும்.

படைவீரரான ஹேம்ப்டனைத் தேட எஸ்.பி. 28 வரிசைக்குப் போக வேண்டும். நாடாளுமன்றப் படையின் சம்பள உத்தரவுகள், ஆள் எண்ணிக்கைப் பட்டியல்கள், ரசீதுகள் எல்லாம் கட்டுக் கட்டாக அங்கே இருக்கின்றன. அட்டவணை மிக மேலோட்டமானது. கட்டு முழுவதையும் புரட்டத்தான் வேண்டும். அதற்கு வாசகர் அட்டை தேவை: இணையத்தில் பதிவு செய்து, நேரில் பெயருக்கு ஒன்றும் முகவரிக்கு ஒன்றுமாக இரண்டு சான்றுகளைக் காட்டினால் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் முகவரிச் சான்றில்தான் மாட்டிக்கொள்வார்கள். எவற்றை ஏற்பார்கள் என்ற பட்டியலைப் புறப்படும் முன் பாருங்கள். வாசிப்பறைக்குள் பென்சில் மட்டும். சொந்த கேமராவில் படம் எடுக்கலாம். ஒவ்வொரு கட்டின் முதல் படமாக ஆவண எண் எழுதிய சீட்டை எடுத்துவிடுங்கள்; இல்லையேல் வீட்டுக்கு வந்த பின் எந்த ரசீது எந்தக் கட்டு என்று தெரியாது.

இங்கே பலர் வழி தவறுவது, அவர் காயம்பட்ட சால்குரோவ் சண்டையில். ஹேம்ப்டனின் பச்சைச் சட்டைக் காலாட்படையை அந்தக் களத்தில் தேடுகிறார்கள். அது அங்கே இல்லை. 1643 ஜூன் 17 அன்று மன்னர் தரப்புத் தளபதி இளவரசர் ரூப்பர்ட் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து குதிரைப்படையோடு புறப்பட்டு, இரவில் போஸ்ட்கோம், சின்னோர் ஊர்களைத் தாக்கினார். மறுநாள் அவரை மறிக்கப் போன குதிரை வீரர்களோடு ஹேம்ப்டன் தாமாகவே சேர்ந்துகொண்டார். நாடாளுமன்றப் படையின் தளபதி எசெக்ஸ் பிரபு நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், கேப்டன் கிராஸின் குதிரை அணியில் ஹேம்ப்டன் சேர்ந்து பாய்ந்ததும் தோளில் சுடப்பட்டதும் தெளிவாக இருக்கின்றன. அவருடைய படைப்பிரிவின் பட்டியலில் அந்த நாளுக்கு ஒன்றும் கிடைக்காதது ஆவணம் தொலைந்ததால் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 23இல் நடந்த எட்ஜ்ஹில் போருக்கும் இவர் மாலையில்தான் வந்து சேர்ந்தார். சம்பள உத்தரவில் பெயர் இருப்பதை வைத்து ஒருவர் போரின் முழு நேரமும் களத்தில் நின்றார் என்று கொள்ள முடியாது.

சாவைப் பற்றி இரண்டு கதைகள். தோளில் குண்டு பாய்ந்தது என்பது ஒன்று. சொந்தக் கைத்துப்பாக்கியில் மருந்து அளவுக்கு மீறி நிரப்பப்பட்டு, அது வெடித்துக் கை சிதறியது என்பது மற்றொன்று. ஹேம்ப்டனின் மகளை மணந்த சர் ராபர்ட் பை சொன்னதாக அடுத்த நூற்றாண்டில் பரவிய கதை இது. 1828இல் நூஜெண்ட் பிரபு கிரேட் ஹேம்ப்டன் தேவாலயத்தில் கல்லறை ஒன்றைத் திறந்து சோதித்தார். திறந்த உடல் யாருடையது என்பதே சர்ச்சையானது. சான்றுகளை நிகழ்ச்சிக்கு எவ்வளவு அருகில் எழுதப்பட்டவை என்ற வரிசையில் அடுக்குவதுதான் வழி. லண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை சேர்த்து வைத்த ஏறத்தாழ 22,000 துண்டுப் பிரசுரங்களும் செய்தித் தாள்களும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கிடைத்த தேதியைப் பலவற்றின் மேல் அவரே கையால் எழுதியிருக்கிறார். எசெக்ஸின் கடிதத்தையும் இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தோள் காயத்தின் பக்கமே எடை கூடுகிறது.

இனி மகள்களின் வழி. ஆண் வாரிசு 1754இல் அற்றுப்போனதும் கிரேட் ஹேம்ப்டன் பண்ணை, ரூத் என்ற மகள் வழியில் வந்த ட்ரெவர் குடும்பத்துக்குப் போனது. 1824இல் அதுவும் முடிய, மேரி என்ற மகள் வழியில் வந்த ஹோபார்ட்டுகளுக்கு வந்தது. மேரியின் முதல் கணவர் கர்னல் ராபர்ட் ஹேமண்ட், கேரிஸ்புரூக் கோட்டையில் சார்லஸ் மன்னரைக் காவலில் வைத்திருந்தவர். இரண்டாம் கணவர் பிளிக்லிங்கின் சர் ஜான் ஹோபார்ட். இந்த ஹோபார்ட்டுகள் பிறகு பக்கிங்ஹாம்ஷயர் பிரபுக்கள் ஆனார்கள். அதனால் எய்ல்ஸ்பரியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பண்ணைக் காகிதங்களைத் தேடும்போது ஹேம்ப்டன் என்ற பெயரோடு ட்ரெவர், ஹோபார்ட், பக்கிங்ஹாம்ஷயர் பிரபு என்ற பெயர்களிலும் தேட வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை. 1794 முதல் 1798 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ஹோபார்ட் பிரபு மேரியின் வழித்தோன்றல். 1872இல் ஆளுநராக வந்து 1875இல் பதவியிலேயே இறந்து, கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கமான வியர் ஹோபார்ட் அதே குடும்பம். ராயப்பேட்டை ஹோபார்ட் பள்ளியின் பெயர் அந்த வீட்டிலிருந்து வந்தது. அதே 1875இல் ஆளுநராக வந்தவர் பக்கிங்ஹாம் டியூக். பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்தவர். அவர் ஸ்டோ மாளிகையின் டெம்பிள்-கிரென்வில் வம்சம். கப்பல் பணத்தை வசூலிக்க முடியாமல் அல்லாடிய பக்கிங்ஹாம்ஷயர் மாவட்ட ஷெரிஃப் (வரி வசூலுக்குப் பொறுப்பான அதிகாரி) சர் பீட்டர் டெம்பிளும் அந்த ஸ்டோ வீட்டுக்காரரே. வரி கட்ட மறுத்தவரின் வம்சமும் வசூலித்தவரின் வம்சமும் அடுத்தடுத்து மதராஸை ஆண்டிருக்கின்றன.

அட்டவணையில் தேடுகிறவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பக்கிங்ஹாம் டியூக்கும் பக்கிங்ஹாம்ஷயர் பிரபுவும் வேறு வேறு பட்டங்கள், வேறு வேறு குடும்பங்கள். டெம்பிள் வீட்டுக் காகிதங்களான ஸ்டோ தொகுப்பு இன்று கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. ஹேம்ப்டன் பண்ணைக் காகிதங்களுக்கு எய்ல்ஸ்பரிதான். ஆளுநர்களின் அலுவல் கோப்புகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். பட்டத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் மூன்றும் கலந்து வரும். பட்டத்தோடு ஹோபார்ட் அல்லது கிரென்வில் என்ற குடும்பப் பெயரையும், நீங்கள் தேடும் ஆண்டுகளின் எல்லையையும் சேர்த்துக் கொடுங்கள்.