மெல்லிசு டியூபை நசுக்காம வெட்டறது எப்படி

மெல்லிசான மெட்டல் டியூபை எதை வச்சு வெட்டறதுனு கேட்டா ஆளாளுக்கு ஒரு மெஷின் பேரைச் சொல்வாங்க, நான் முதல்ல கேக்கறது வெட்டின முனையை வச்சு என்ன பண்ணப் போறீங்கங்கறதுதான். வெல்டு வைக்கவா, உள்ள இன்னொரு டியூப் நுழையணுமா, ஃபிட்டிங் மாட்டவா, இல்ல நீளம் குறைஞ்சா போதுமா? அது தெரிஞ்சா பாதி குழப்பம் அங்கயே தீந்துடும். அடுத்தது டியூபை எப்படிப் பிடிக்கறீங்கங்கறது. என்னைக் கேட்டா பிளேடை விட இதுதான் முக்கியம். 1 எம்எம்க்கும் கம்மியா சுவர் இருக்கற டியூபை நேரா வைஸ்ல (பொருளை இறுக்கிப் பிடிக்கற கருவி) வச்சு இறுக்கினா வெட்டறதுக்கு முன்னாடியே அது முட்டை ஷேப்புக்கு வந்துடும், அப்புறம் எவ்வளவு நல்ல பிளேடு போட்டும் பிரயோஜனம் இல்ல.

அதுக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கு. ஒரு மரக்கட்டைல டியூபோட வெளிவிட்டம் அளவுக்கே ஒரு ஓட்டை போடுங்க, அந்த ஓட்டைக்கு நடுவுல ரம்பம் போட்டு கட்டையை ரெண்டா பிளந்துடுங்க. ரம்பம் தின்ன அந்த சின்ன இடைவெளிதான் இறுக்கறதுக்கு இடம் குடுக்கும், அழுத்தம் சுத்திலும் பரவறதால டியூப் நசுங்காது. உள்ளயும் டைட்டா ஒரு மரக்குச்சி சொருகி ரெண்டையும் சேத்தே வெட்டினீங்கன்னா சுவர் உள்பக்கமா மடங்காது.

ஹாக்ஸால, அதாவது இரும்பு அறுக்கற கை ரம்பத்தால வெட்டறவங்க பொதுவா சொல்ற கணக்கு, எப்பவும் குறைஞ்சது மூணு பல்லாவது மெட்டல் மேல இருக்கணும். கடைகள்ல சாதாரணமா கிடைக்கறதுல ரொம்ப பொடி பல் இஞ்சுக்கு 32, அப்படின்னா ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 0.8 எம்எம். 1 எம்எம் சுவர்ல நேரா இறங்கினா ஒரு பல்லு, மிஞ்சிப் போனா ரெண்டு, அதான் டக்குனு மாட்டி இழுக்குது, பல்லும் உடையுது. அதனால ஒரேயடியா மேலருந்து கீழ வரைக்கும் அறுக்காதீங்க, ஒரு பக்கச் சுவர் ஓட்டையானதும் டியூபைக் கொஞ்சம் திருப்பி, போட்ட வெட்டுலருந்தே தொடருங்க, இப்படியே சுத்தி வந்தா பிளேடு சுவரைச் சாய்வா தொடும், நிறைய பல்லு வேலை செய்யும். கோடு நேரா வரணும்னா ஒரு பேப்பரைச் சுத்தி அதோட ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரற மாதிரி வச்சு மார்க் பண்ணுங்க, அதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

காப்பர், பித்தளை, அலுமினியம்னா டியூப் கட்டர் எனக்கு ரொம்ப பிடிக்கும், அதாவது டியூபைச் சுத்தி உருட்டி சின்ன வீலால வெட்டற கைக்கருவி. முனை கச்சிதமா நேரா வரும், தூளும் விழாது. ஆனா அது மெட்டலை அறுத்து எடுக்கறது இல்ல, தள்ளிப் பிளக்குது, அதனால உள்பக்கம் ஒரு உதடு மாதிரி வந்து உள்விட்டம் குறைஞ்சுடும். உள்ள இன்னொரு டியூப் நுழையணும்னா ரீமர் (உள்விளிம்பைச் சுரண்டற கருவி) போட்டே ஆகணும். ஒவ்வொரு சுத்துக்கும் கட்டரோட குமிழைக் கொஞ்சூண்டு மட்டும் திருகுங்க, அவசரப்பட்டு இறுக்கினா பள்ளம் விழும். ஸ்டெயின்லெஸ்னா அதுக்குன்னு இருக்கற வீலைப் போடுங்க, ஏன்னா வெட்டாம சும்மா தேச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் இன்னும் கடினமாகிடும்.

ஆங்கிள் கிரைண்டர்ல 1 எம்எம் கட்டிங் வீல் போட்டா சீக்கிரம் முடியும், நசுங்கறதும் கம்மி, ஆனா சூடும் பிசிறும் அதிகம். மெல்லிசு சுவர்ல சூடு போக இடமில்ல, ஸ்டெயின்லெஸ் நீலமாயிடும், அந்த நிறத்தை சுத்தம் பண்ணாம விட்டா துரு அங்கருந்துதான் ஆரம்பிக்கும். சாதா இரும்பு வெட்டின வீலை ஸ்டெயின்லெஸ்ல தயவுசெஞ்சு போடாதீங்க, இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு அதுவும் துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கு சாதா வீல் போட்டா மெட்டல் அதுல அப்பிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாம இந்த மெஷினைத் தொடவே தொடாதீங்க.

ஒரே நீளத்துல நூத்துக்கணக்குல வேணும்னா பொடி பல் பிளேடு போட்ட கோல்டு சா (cold saw, மெட்டல் வெட்டற வட்ட ரம்ப மெஷின்), மெதுவான ஸ்பீடு, கூலன்ட், அவ்வளவுதான். முனைல வளைவு, ஜன்னல் மாதிரி ஷேப் வேணும்னா லேசர். ஊசி மாதிரி மெல்லிசுல துளி பிசிறும் கூடாதுன்னா வயர் இடிஎம் (மெல்லிசு கம்பிலருந்து வர்ற மின்பொறியால வெட்டற மெஷின்), அது டியூபைத் தொடறதே இல்ல, ஆனா மெதுவு, செலவும் ஜாஸ்தி.

பிரேக் லைன், ஏசி லைன்னா என்னோட ஓட்டு டியூப் கட்டருக்கு மட்டும்தான். ஹாக்ஸா தூளோ கிரைண்டர் வீல் பொடியோ உள்ள போயிட்டா அப்புறம் முழுசா வெளிய எடுக்கறது பெரிய பாடு, வால்வுலயோ கம்ப்ரஸர்லயோ போய் உக்காந்துக்கும். ரீமர் போடறப்பவும் டியூபோட வாயைக் கீழ பாத்த மாதிரி பிடிச்சுக்கங்க, சுரண்டினது எல்லாம் வெளியவே விழட்டும்.