இரண்டு அச்சுகளுக்கு நடுவே

புத்தகத்தையும் அச்சில் ஏற்றுகிறோம், பொம்மையையும் அச்சில் வார்க்கிறோம் என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் மினியேச்சர் உருவங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, இந்த இரண்டு அச்சுகளின் விளைச்சலையும் ஒரே நாளில் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக விளையாடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகள், 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்த காலத்திலிருந்தே புத்தகங்களை நம்பி நடப்பவை. விதிகளும் கதையும் எதிர்ப்படும் அரக்கர்களும் புத்தகத்தில் இருப்பார்கள். சண்டை வந்தால் கட்டம் போட்ட விரிப்பின்மேல் உருவங்களை நகர்த்துவார்கள். 2014இல் அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, உரிமம் பெற்ற விஸ்கிட்ஸ் நிறுவனம், ‘டிரனி ஆஃப் டிராகன்ஸ்’ என்ற சாகசக் கதையின் பெயரிலேயே வண்ணம் தீட்டிய உருவங்களை வெளியிட்டது. நான் இருந்த நிறுவனம் வேறு, எங்களுக்கு உரிமம் கொடுத்த பதிப்பகமும் வேறு. ஆனால் கதையும் உருவமும் ஒன்றாகக் கைக்கு வர வேண்டும் என்ற வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு எங்களையும் விடவில்லை.

உருவத்தின் பாதை நீளமானது. பதிப்பகத்தின் ஓவியம் வந்ததும் சிற்பி அதைக் கணினியில் செதுக்குவார். பதிப்பகம் ஒப்புதல் தரும். மாதிரி ஒன்றை எடுத்து வண்ணம் தீட்டி மறுபடியும் ஒப்புதலுக்கு அனுப்புவோம். அதன் பிறகுதான் சீனத் தொழிற்சாலையில் எஃகு அச்சு வெட்டுவார்கள். சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடிக் கிடக்கும் வாரங்களையும் கப்பல் பயணத்தையும் சேர்த்தால் ஓராண்டு எளிதாக ஓடிவிடும். நாங்கள் எஃகை வெட்டும் நேரத்தில் எழுத்தாளர்கள் பாதி அத்தியாயங்களைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோப்பு அச்சகத்துக்குப் போகும் நாள்வரை ஒரு சொல்லைத் தட்டி மாற்றிவிடலாம் என்பது அவர்கள் தொழிலின் வசதி. எஃகில் அந்த வசதி ஒரு திசையில் மட்டுமே உண்டு. அச்சை இன்னும் கொஞ்சம் குடைந்தால் உருவத்தின் வாள் தடிக்கும். வாளை மெலிய வைக்க வேண்டுமென்றால், குடைந்த இடத்தில் உலோகத்தைப் பற்றவைத்து நிரப்பி மறுபடியும் வெட்ட வேண்டும்.

இந்த வேறுபாட்டை ஒரு சதுப்புநில அரக்கி எனக்குச் சரியாகக் கற்பித்தாள். இவ்வகை விளையாட்டில் ஓர் அங்குலக் கட்டம் ஐந்தடி நிலத்துக்குச் சமம். ‘லார்ஜ்’ வகை உயிரினம் இரண்டங்குலப் பீடத்திலும், ‘ஹ்யூஜ்’ வகை மூன்றங்குலப் பீடத்திலும் நிற்கும். எங்கள் பெட்டியில் ஆளளவு உருவங்கள் மூன்றும் லார்ஜ் ஒன்றும்தான் அடங்கும். முதல் வரைவில் அரக்கி லார்ஜ். பல மாதம் கழித்து, புத்தகத்தின் இறுதிப் பக்கங்களை எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த இரவில், அவள் பெயருக்குக் கீழே ‘ஹ்யூஜ்’ என்று இருந்தது. தொழிற்சாலை அனுப்பிய மாதிரி என் மேசைமேல் இரண்டங்குலப் பீடத்தில் நின்றுகொண்டிருந்தது. வேறொரு தொகுப்பின் மூன்றங்குலப் பீடத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன்; மூடி மூடவில்லை. மூடாது என்று தெரிந்தும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

மறுநாள் தொலைபேசியில் பதிப்பாசிரியர் நிதானமாகவே பேசினார். சோதனை ஆட்டங்களில் அரக்கி சுலபமாகச் செத்துப்போனதால் உருவத்தைப் பெரிதாக்கியதாகச் சொன்னார். அது நியாயமான காரணம்தான். நான் அவரிடம், அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடம் காலியாக இருப்பதை மட்டும் சுட்டிக்காட்டினேன். நான்கு வரி பிடிக்கும் என்றார். அந்த நான்கு வரியில் அரக்கிக்கு ஒரு குட்டி பிறந்தது: லார்ஜ் அளவு, குறைந்த பலம், தாயின் அதே முகம். எங்கள் பக்கத்தில், பீடத்தின் அடியில் புடைத்திருக்கும் பெயருக்கு முன்னால் ‘யங்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது; புடைப்பெழுத்துக்கு அச்சைக் குடைந்தாலே போதும் என்பதால், நல்லவேளையாக அது எஃகு சம்மதிக்கும் திசையாக இருந்தது.

ரகசியம் காப்பது இன்னொரு தலைவலி. மொத்த விநியோகஸ்தர்களுக்குப் பல மாதம் முன்பே பட்டியல் போய்விடும் என்பதால், கதையின் கடைசி வில்லனின் உருவப்படம் ஒன்றே மர்மம் முழுவதையும் உடைத்துவிடும். அவரை எல்லா ஆவணங்களிலும் ‘சமையல்காரர்’ என்று குறித்துவந்தோம். தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளிலும் ‘சமையல்காரர்’ என்றே அச்சாகியிருந்ததைக் கிடங்கில்தான் பார்த்தோம்.

அந்த ஆகஸ்ட்டில் இண்டியானாபொலிஸில் நடந்த ஜென்கான் என்ற விளையாட்டு விழாவுக்குப் புத்தகமும் உருவமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. ஒரு மேசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். விளையாட்டை நடத்தியவர் எங்கள் உருவத்தை எடுத்து விரிப்பில் வைத்தார். பத்து வயது இருக்கும் ஒரு பையன் அதைத் தூக்கித் திருப்பி, அடியிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு, “இது குட்டி என்றால் அம்மா எங்கே?” என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. தன் காபிக் கோப்பையை எடுத்து மெதுவாகக் கட்டங்களின் நடுவே வைத்தார்.